பின்சீட்டு

புகழேந்தி யெஸ்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வலது காலை மடக்காமல் நீட்டிப் பார்த்தான். குதிகால் சைலன்சரில் போய் இடித்தது. இறங்கினான். பக்கத்தில் நின்ற யமஹாவின் பின்னால் உட்கார்ந்தான். அதில் முழங்கால் நெஞ்சுவரை வந்தது. அதிலிருந்தும் இறங்கினான்.

ஜம்புகுமார் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். செங்கம் ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிற கடை அவருடையது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏழு மாசமா முன்னாடி ஒக்காந்து பாத்த. இப்ப பின்னாடியா? இதுக்கு இன்னும் ஏழு மாசமா தம்பி?”

“காலை மடக்க முடியாத ஒருத்தரு ஒக்கார்ற மாதிரி எதுண்ணா இருக்குது?”

“யாருக்கு?”

“எங்க மாமாவுக்கு. தண்டராம்பட்டு தாண்டிப் போயி கூட்டியாரணும்.” யமஹாவின் சீட்டிலிருந்து கையை எடுத்தான். “அம்மா காலைல தவறிட்டாங்க.”

ஜம்புகுமார் பிளக்கைக் கீழே வைத்தார். வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?”

“மூணு மணிக்குன்னு சித்தப்பா சொல்லிட்டாரு. அதுக்கு மேல போனா கிரிவல ரோட்டுல பாடை நொழையாது.”

சுவரில் மணி பதினொன்றே முக்கால். சித்ரா பௌர்ணமி. ரோட்டில் அதற்குள்ளேயே செருப்பில்லாத கால்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. சுடுகாடு ஈசானிய லிங்கத்துக்குப் பக்கம். மலை சுற்றுகிறவர்களும் செத்தவர்களும் அங்கே ஒரே ரோட்டில்தான் போயாக வேண்டும்.

புகழேந்தி பதினோரு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ், மதியம் பெரியாஸ்பத்திரி, மறுபடி ஆபீஸ், மறுபடி ஆஸ்பத்திரி. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கண் மூடப் பழகியிருந்தான். அம்மா போன பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தான். கொட்டாவிதான் வந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி வாங்கும் யோசனை ஐப்பசியில் ஆரம்பித்தது. தினம் ஆபீஸ் போய் வரவும் வேண்டும், லீவு நாளில் ஜவ்வாது மலை, ஏலகிரி, பாண்டிச்சேரி என்று கிளம்பவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி. சாப்பாட்டு இடைவேளையில் ஜம்புகுமார் கடைக்கு சைக்கிளில் வந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை வரை போய்த் திரும்புவான். “பிக்கப் கம்மி.” “தேர்டு கியர்ல ஒரு மாதிரி கத்துதுண்ணா.” “சவுண்டு சூப்பரு, ஆனா மைலேஜ்?” என்று எதையாவது சொல்லிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ஆபீஸில் டைப்பிஸ்ட் அம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். “பொண்ணு பாக்கறவனே ரெண்டு மாசத்துல முடிச்சிடறான். நீ இன்னா புகழு?”

வீட்டில் ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்பாள். “இன்னிக்கி எந்த வண்டிடா?”

அவன் இன்ஜினிலிருந்து ஆரம்பித்து ஒப்பிப்பான். அம்மா திரௌபதிக்கு ஒன்றும் புரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“பின்னாடி ஆளு ஒக்காந்தா எப்பிடி இருக்குது?”

“அதையெல்லாம் யாரும்மா பாப்பாங்க.”

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், மூச்சு வாங்கிக்கொண்டே, “எங்கண்ணன ஒரு தபா பாக்கணும்டா” என்றாள். அவள் அண்ணன் பலராமன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கிணற்றுமேட்டிலிருந்து விழுந்தவர். வலது இடுப்பு இறுகிப்போய், கால் மடங்காது, அகலவும் செய்யாது. பஸ்ஸில் உட்கார முடியாது, நின்றால் பத்து நிமிஷம். அன்றிலிருந்து ஊரைவிட்டு வெளியே வராத மனிதர்.

“இந்த ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துர்றேம்மா. மாமாவ ஒக்கார வச்சி ஜம்முனு கூட்டியாறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் யெஸ்டியா யமஹாவா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் ஒவ்வொரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். “முடிஞ்சிருச்சா?” என்றாள். “ஆல்மோஸ்ட்டும்மா.”

நேற்று சாயந்திரம் அவள் மாமாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. “பொறந்த ஊட்டுக் கோடியாச்சும் அண்ணன் கையால வரட்டும்” என்று மட்டும் சொன்னாள். பிறந்த வீட்டுப் புடவை மேலே விழாமல் எந்தப் பொம்பளையையும் எடுக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். எந்தக் கையால் என்பதுதான் அவள் கேட்டது.

காலையில் சேதி சொன்ன பிறகு, மறுபடியும் மாமா ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டான். மாமாவே கோலை ஊன்றி வந்து பேசினார். “ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டேன் புகழு. பூராவும் பௌர்ணமி சனம். படிக்கட்டுல கூட எடமில்ல. நீ வந்து கூட்டிட்டுப் போ.” ஊரிலிருந்த வாடகைக் கார் எல்லாம் கிரிவலச் சவாரிக்குப் போய்விட்டன. ஆட்டோக்காரர்கள் இன்றைக்கு டவுனைவிட்டு வெளியே வர மாட்டோம் என்றார்கள்.

அவன் சைக்கிளை எடுத்தபோது சித்தப்பா சகாதேவன் நாலு பேர் முன்னால் கேட்டார். “கொள்ளி போட வேண்டியவன் வண்டி வாங்கப் போறானா?” பெடலில் கால் வைத்தவனிடம் மேலும் சொன்னார். “மூணு மணி. அதுக்குள்ள வரலேன்னா உங்க மாமா ஊருப் பங்காளி ஒருத்தர வச்சி கோடி போட்டு எடுத்துருவேன். அப்பறம் என்னைக் கேக்காத.”

ஜம்புகுமார் கடையின் கடைசி வரிசைக்குப் போனார். ஒரு ஹீரோ ஹோண்டா சி.டி. நூறைத் தள்ளிக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்தினார். சிவப்பு நிறம். நிறம் போய்ப் பழைய செங்கல் மாதிரி இருந்தது. எட்டு வருஷ வண்டி. பின்னால் சக்கரத்தை மூடிப் புடவைத் தடுப்பு, அதற்குக் கீழே பலகை மாதிரி அகலமான கால்மிதி, சீட்டை ஒட்டி ஒரு கைப்பிடி. ஏழு மாசத்தில் புகழேந்தி அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. வாத்தியார் வண்டி என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறான்.

“கீழ்பென்னாத்தூர்ல ஒரு எச்.எம். வச்சிருந்தாரு. அவரு சம்சாரத்துக்கு இடுப்பு வலி. ரெண்டு இஞ்சு ஸ்பாஞ்சு ஜாஸ்தி வச்சித் தெச்ச சீட்டு இது. ஒரு பக்கமா ஒக்கார வை. ஏறு, நீயே பாரு. நான் ஓட்டறேன்.”

புகழேந்தி பெண்களைப் போல் ஒருபக்கமாக உட்கார்ந்தான். ஜம்புகுமார் ரோட்டில் ஏற்றி, சந்துக்குள் விட்டு, வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். சீட்டு உடம்பை வாங்கிக்கொண்டது. கால்கள் இரண்டும் பலகையில் நீட்டியபடி இருந்தன. வலது காலை விறைப்பாகவே வைத்துப் பார்த்தான். எங்கேயும் இடிக்கவில்லை. இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. திரும்பி வருவதற்குள் அவனுக்குக் கண் சொருகியது.

“இதான்ணா” என்றான்.

“சோக்கு இழுக்க வேணாம், ஒரே ஒதையில வரும். கிளச்சு வெண்ண மாதிரி இருக்கும். பேசறதெல்லாம் அப்பறம், எடுத்துட்டுப் போ.” பெட்ரோல் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். “தூக்கம் வந்தா நிறுத்தி மூஞ்சி கழுவு. சரியா?”

தண்டராம்பட்டு ரோட்டில் எதிரே வந்த பஸ் எல்லாம் கூரைமேல் ஆளோடு வந்தன. புகழேந்தி இரண்டு முறை வண்டியை நிறுத்தி முகம் கழுவினான். ஒருமுறை பம்பு செட்டில், ஒருமுறை டீக்கடையில். வண்டி தானாகப் போனது. கியர் எல்லாம் ஒரே பக்கம், முன்னால் மிதித்தால் போதும். இன்ஜினைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

பலராமன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் காகிதப் பையில் கோடி. பையின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. மீசை மட்டும் பழைய பலராமன். அவர் மனைவி ஆராயி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“இதுல எப்பிடிடா ஏறுவாரு?”

“ஒரு பக்கமா ஒக்காரணும் அத்த.”

“பொம்பளயாட்டமா?”

எதிர்வீட்டு வாசலில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பலராமன் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் மறு வார்த்தை இல்லாமல் இருந்த ஆள். வண்டியைப் பார்த்தார். பிறகு கோலை மனைவியிடம் கொடுத்தார்.

“ஆராயி, தலைல ஒரு முழம் பூ வச்சி வுடு. அது ஒண்ணுதான் கொற.”

யாரும் சிரிக்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடி உட்கார்ந்து, இடது காலைப் பலகையில் வைத்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பையை மடியில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

“போ.”

ஊர் எல்லையைத் தாண்டியதும் பலராமன் அவன் காதுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“கஷ்டப்பட்டாளா?”

“ராத்திரி மூச்சு வாங்குச்சி. காலைல அஞ்சு மணிக்கு டீ கேட்டாங்க. நான் வாங்கப் போனேன்.” கியரை மாற்றினான். “வர்றதுக்குள்ள.”

“டீ குடிக்கலியா?”

“இல்ல மாமா.”

ஒரு மைல் போனது. வேப்பமரங்களின் நிழல் ரோட்டில் விட்டுவிட்டு விழுந்தது. நிழலுக்குள் போகும்போதெல்லாம் அவனுக்குத் தூக்கம் தட்டியது.

“இடுப்பு வலிக்குதா மாமா?”

“இல்லடா.” அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. “வலிக்கும்னுதான் பல்லக் கடிச்சிட்டு ஏறினேன். வலிக்கல. எத்தினி நாளா பாத்த இந்த வண்டிய?”

“ஏழு மாசமா.”

“நல்லாத் தேடிதான் எடுத்துக்கிற. இதுல எங்க வேணா வருவேன் நான்.”

புகழேந்தி கண்ணில் காற்று அடித்ததுபோல் புறங்கையால் துடைத்துக்கொண்டான். வண்டியை முப்பதிலேயே வைத்திருந்தான். மணி இரண்டேகால்.

டவுன் முனையில் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் தடுப்பைத் தட்டினார்.

“திரும்பு, திரும்பு. இதுக்கு மேல எந்த வண்டியும் இல்ல.”

“சாவுக்குப் போறோங்க. பே கோபுரத் தெரு.”

“எறங்கி நடந்து போங்க.”

“அவரால நடக்க முடியாதுங்க.”

“கலெக்டர் ஆர்டர்ப்பா. நான் இன்னா செய்ய?”

அந்த ஆணை அவன் பிரிவிலிருந்துதான் போனது. கடிதத்தில் எண் போட்டு, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்ததே அவன்தான். இருசக்கர வாகனங்கள் உட்பட எவ்வித வாகனமும் என்ற வரிகூட நினைவிருந்தது. “உட்பட” விட்டுப்போயிருந்ததால் ஒருமுறை திரும்ப டைப் அடிக்கக் கொடுத்தான்.

கான்ஸ்டபிள் மாமாவின் மடியைப் பார்த்தார். பையின் மஞ்சள் மூலையைப் பார்த்தார்.

“யாரு?”

“இவரு தங்கச்சி. எங்கம்மா.”

அவர் தடுப்பை ஒரு அடி நகர்த்தினார். “இன்ஜின ஆஃப் பண்ணு. தள்ளிட்டுப் போ. ஓட்டறத எவனாச்சும் பாத்தான்னா எனக்குத்தான் திட்டு.”

புகழேந்தி இறங்கி ஹேண்டிலைப் பிடித்தான். மாமா இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மாமாவோடு வண்டியைத் தள்ளினான். பத்தடிக்குள் சட்டை நனைந்தது. செங்கம் ரோடு முழுவதும் எதிரே ஜனம். கோயிலிலிருந்து கிளம்பி மலை சுற்றப் போகிறவர்கள் எல்லாரும் அவர்களைப் பார்த்து வந்தார்கள். அரோகரா என்று ஒரு குரல் எழுந்தால் அது பின்னாலேயே தெருக்கோடிவரை போனது. கூட்டம் வண்டியைப் பார்த்துச் சலித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது.

“இன்னிக்கிப் போயி வண்டிய எடுத்துட்டு வர்றான் பாரு.”

“பெரிய மனுசனத் தேரு மேல வச்சிக் கூட்டியாறாங்க போல.”

மோர்ப் பந்தலில் ஒரு அம்மாள் ஓடிவந்து மாமாவிடம் டம்ளரை நீட்டினாள். கால் முடியாதவர் வேண்டுதலுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். “சாவுக்குப் போறேம்மா, குடிக்கக் கூடாது” என்றார் பலராமன். அவள் டம்ளரை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து, புகழேந்திக்கு முன்னால் தாரில் கொட்டினாள். ஆவி எழும்பியது. அந்த ஈரத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனான்.

மேடு வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அவன் தலையை ஹேண்டிலில் சாய்த்து மூச்சு வாங்கினான். பின்னாலிருந்து யாரோ கைகொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கை கொடுத்தவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தார்கள். மாமா மட்டும் தெரிந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மலையைப் பார்த்தபடி, ஒரு ஊர்வலத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல் இருந்தார்.

தெரு முனையிலேயே மேளச் சத்தம் கேட்டது. பாடையை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மணி மூன்று நாற்பது. சித்தப்பா ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். மாமா ஊர்ப் பங்காளி ஒருவர் கடையில் வாங்கிய புடவையைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, போடவா வேண்டாமா என்று அக்கா கஸ்தூரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி பாடையின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தோ வந்துட்டான்” என்றது ஒரு குரல். “மடிச்சி வைய்யா அந்தப் பொடவைய” என்றது இன்னொரு குரல்.

மேளம் நின்றது. புகழேந்தி வண்டியைப் பாடைக்குப் பத்தடியில் நிறுத்தினான். பலராமன் இறங்கப் பார்த்தார். உடம்பு வரவில்லை. இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தில் விட்டுவிட்டார்கள்.

“இடுப்பு பூட்டிக்கிச்சி” என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. “கொஞ்ச நேரம் ஆவும். அதுவா வுடும்.”

“நேரம் எங்கங்க இருக்குது?” என்றார் சித்தப்பா. குரலில் கோபம் தீர்ந்துபோய் வெறும் களைப்புதான் இருந்தது. “நாலு மணி ஆச்சின்னா அந்த ரோட்டுல ஒரு ஈ நொழையாது.”

கஸ்தூரி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அம்மாவ இங்க தூக்கியாங்க. மாமா ஏன் எறங்கணும்?”

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கூட்டத்தில் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் நாலு பேர் குனிந்துவிட்டார்கள். பாடையைத் தூக்கி வந்து வண்டியை ஒட்டி, இடுப்பு உயரத்தில் பிடித்தார்கள். தலைமாடு புகழேந்தியின் பக்கம் வந்தது.

சித்தப்பா அருகில் வந்தார். “வண்டிய என்னாண்ட குடு. நான் புடிச்சிக்கிறேன். நீ போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு கொள்ளிச் சட்டிய எடு.”

“அவரு எறங்கட்டும் சித்தப்பா. ஆடிச்சின்னா அவருக்கு வலிக்கும்.”

சித்தப்பா கையை நீட்டியபடியே கொஞ்சம் நின்று, பிறகு இறக்கிக்கொண்டார்.

பலராமன் பையிலிருந்து புடவையை எடுத்தார். மடிப்புப் பிரியாத புதுத்துணியின் கஞ்சி வாடை எழுந்தது. உதறக் கை எட்டாமல் மடியிலேயே வைத்து மெதுவாகப் பிரித்தார். தங்கையின் கழுத்திலிருந்து ஆரம்பித்துப் போர்த்தினார். இடுப்புக்குக் கீழே அவர் கை போகவில்லை. கஸ்தூரி அந்தப் பக்கம் வந்து நுனியைப் பிடித்துக் கால்வரை இழுத்துவிட்டாள். தோளுக்குக் கீழே ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. பலராமன் அதை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். இன்னொரு முறையும் நீவினார்.

அம்மாவின் முகம் ஹேண்டிலிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. நெற்றியில் வைத்த காசு வெயிலில் மின்னியது. தூக்கிப் பிடித்திருந்த நால்வரின் கைகள் நடுங்க ஆரம்பித்தன.

தெரு அந்த இடத்தில் சமமாகத்தான் இருந்தது. வண்டி எந்தப் பக்கமும் உருளப் போவதில்லை. புகழேந்தி இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, பிரேக்கை அழுத்தியபடியே நின்றுகொண்டிருந்தான்.